மிகச் சிறியதும் மிகப் பெரியதும்: கணினி நிரல் பழகும் மாணவர்களுக்கு ஒரு பாடம்

கணினி நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, “கொடுக்கப்பட்ட எண்களுள் மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது?” என்பதாகும். பெரும்பாலோர் ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்து, திரையில் விடை வந்ததும் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவர். கணினி மொழிகள் பலவற்றில் இதற்கென ஆயத்தக் கட்டளைகளும் உண்டு. சிங்கப்பூரில் ஓ நிலைக் கணினியியல் மாணவர்கள் பயிலும் பைத்தான் மொழியில் மேக்ஸ், மின் என்ற இரண்டு சொற்கள் போதும். அப்படியிருக்க, இதற்கென ஒரு கட்டுரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

இந்தப் பயிற்சியில் பிழை நேர்ந்தால் கணினி பெரும்பாலும் நின்றுவிடுவதில்லை. ஏதோ ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அந்த விடை பார்வைக்கு முறையானதாகவே தோன்றும். அதனை நம்பி ஒருவர் உதவிநிதி வழங்குவார். இன்னொருவர் கிடங்கிலுள்ள உணவுப் பொருளைக் கொட்டிவிடச் சொல்வார். ஆகவே, “எது பெரியது?” என்று கணினியைக் கேட்குமுன் நாம் எவற்றையெல்லாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம். பெற்றோரும் உடன் அமர்ந்து படிக்கலாம். கணினி வேண்டியதில்லை; தாளும் பென்சிலும் போதும்.

கணினிக்கு முந்திய ஒரு கருவி

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வேலையைச் செய்த கருவி ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1780இல் கண்டுபிடித்த வெப்பமானி அது. ஆங்கில ‘யு’ எழுத்தைப் போல் வளைந்த கண்ணாடிக் குழாய். அதன் அடியில் பாதரசம். இரு பக்கத்திலும் பாதரசத்தின் மேல் ஊசி போன்ற சிறு எஃகுத் துண்டு. வெப்பம் ஏறும்போது ஒரு பக்கத்துப் பாதரசம் அங்குள்ள துண்டை மேலே தள்ளும். வெப்பம் தணிந்தால் பாதரசம் பின்வாங்கும். துண்டோ தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். மறுபக்கத்துத் துண்டு குளிர்ச்சிக்கு இதே வேலையைச் செய்யும். மாலையில் வந்து பார்ப்பவர், நாள் முழுதும் அருகில் நிற்காமலேயே அன்றைய உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் அறிந்துகொள்வார். பிறகு காந்தத்தால் இரண்டு துண்டுகளையும் இழுத்துப் பாதரசத்தின்மேல் மீண்டும் வைத்துவிடுவார்.

நம் நிரலும் இதையேதான் செய்கிறது. தமிழில் எழுதிப் பார்ப்போம்:

பெரியது ← முதல் எண்
இரண்டாம் எண் தொடங்கிக் கடைசி எண் வரை, ஒவ்வோர் எண்ணுக்கும்:
இந்த எண் > பெரியது எனில், பெரியது ← இந்த எண்
முடிவில் ‘பெரியது’ என்பதில் இருப்பதே விடை.

‘பெரியது’ என்ற மாறிதான் அந்த எஃகுத் துண்டு. அதைவிடப் பெரிய எண் வந்தால் அது தள்ளப்படும். சிறிய எண் வந்தால் அசையாது. எட்டு மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்து பாருங்கள்: 62, 48, 91, 84, 77, 35, 29, 56. தொடக்கத்தில் பெரியது 62. அடுத்து வரும் 48 அதனை அசைக்கவில்லை. 91 வந்ததும் பெரியது 91 ஆகிறது. அதன்பின் வரும் ஐந்து எண்களுள் எதுவும் அதனை அசைப்பதில்லை. மிகச் சிறியதைக் காண ‘>’ குறிக்குப் பதிலாக ‘<’ குறியை இட்டால், துண்டு 62, 48, 35, 29 என்று இறங்கி நிற்கும்.

எட்டு எண்களுக்கு ஏழு ஒப்பீடுகள் செய்தோம். ஆயிரம் எண்களுக்கு 999. இதைவிடக் குறைவாகச் செய்து மிகப் பெரியதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. மிகப் பெரியதைத் தவிர மற்ற ஒவ்வோர் எண்ணும் ஒரு முறையாவது ‘தோற்றிருக்க’ வேண்டும். இல்லையேல் அதுவே பெரியதாக இருக்கக்கூடுமல்லவா? ஓர் ஒப்பீட்டில் தோற்பது ஒன்றுதான். எனவே ஆயிரத்தில் ஒன்று போக 999 தோல்விகள், 999 ஒப்பீடுகள். எந்த வேகமான கணினி வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எங்கே தொடங்குவது?

மேலே கண்ட நிரலின் முதல் வரியை மீண்டும் பாருங்கள். ‘பெரியது ← முதல் எண்’ என்று எழுதினோம். பல மாணவர்கள் இங்கே ‘பெரியது ← 0’ என்று எழுதிவிடுவர். தேர்வு மதிப்பெண்கள் சுழியத்திற்குக் கீழே போவதில்லை ஆதலால் விடை சரியாகவே வந்துவிடும். ஆசிரியரும் சரி என்று குறியிட்டுவிடுவார். அந்தப் பழக்கம் அப்படியே மாணவருடன் வளர்ந்து, ஒரு நாள் குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு நிரல் எழுதும்போதும் உடன் வந்து நிற்கும்.

மீன் வைக்கும் கிடங்கில் மணிக்கு ஒரு முறை வெப்பநிலை பதிவாகிறது என்று கொள்வோம்: −21, −19, −18, −20. அன்றைய உச்சம் −18. கிடங்கு நன்றாகவே இயங்கியிருக்கிறது. ஆனால் 0 என்று தொடங்கிய நிரல் இந்நான்கு எண்களையும் பார்த்துவிட்டு, “உச்ச வெப்பநிலை 0” என்று சொல்லும். −18, 0ஐவிடச் சிறியது. ஆகவே துண்டு அசையவே இல்லை. எந்தக் கருவியும் காட்டாத ஓர் எண் விடையாக வந்து நிற்கிறது! அதை நம்புபவர் நல்ல மீனைக் குப்பையில் கொட்டுவார்.

மிகச் சிறியதைத் தேடும்போது இப்பிழை நம் நாடுகளில் இன்னும் எளிதாக நேரும். மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகத் தாழ்ந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். இது 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவானது. ‘சிறியது ← 0’ என்று தொடங்கிய நிரலுக்கு அந்த நிலையங்களின் பதிவுகள் அனைத்தையும் கொடுத்தாலும் விடை 0 என்றே வரும். கேமரன் மலையில் தண்ணீர் உறைந்த நாள் எது என்று தேடித் திரிய வேண்டியதுதான்.

சிலர் இதற்கு மாற்றாக, “பெரியதைக் காண மிகச் சிறிய ஓர் எண்ணிலும், சிறியதைக் காண மிகப் பெரிய ஓர் எண்ணிலும் தொடங்கு” என்பர். முறை சரியே. ஆனால் எவ்வளவு சிறியது? ஜாவா மொழி பயில்வோர் இவ்விடத்தில் விழிப்புடன் இருக்க வேண்டும். அம்மொழியில் முழு எண்களுக்கு ‘மின் வேல்யூ’ என்று எழுதினால் −2147483648 கிடைக்கும். அது உண்மையிலேயே அவ்வகையின் அடிமட்டம். ஆனால் புள்ளியுள்ள எண்களுக்குரிய டபுள் வகையில் அதே ‘மின் வேல்யூ’ என்பது சுழியத்தைவிட மிகமிகச் சற்றே கூடிய ஒரு நேர் எண்! பெயர் ஒன்று, பொருள் வேறு. அதிலிருந்து தொடங்குவோர் மீன் கிடங்குப் பிழையையே மீண்டும் செய்தவராவர். ஆகையால், வெப்பமானியைத் திருத்தி வைப்பவர் துண்டைப் பாதரசத்தின் மேலேயே வைப்பதுபோல, உண்மையில் உள்ள முதல் எண்ணிலிருந்து தொடங்குவதே நலம்.

முதல் எண்ணே இல்லையென்றால்? பட்டியல் வெறுமையாக இருந்தால் மிகப் பெரியது எது? இதற்கு மொழிக்கு மொழி விடை வேறு. பைத்தான் ‘மதிப்புப் பிழை’ என்று கூறி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் மேக்ஸ் கட்டளைக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால் எதிர்ம முடிவிலி என்று விடை தரும். கணித நோக்கில் அதற்கு நியாயம் உண்டு என்றாலும், விடை தர மறுக்கும் பைத்தானின் போக்கே மாணவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. 2014இல் வந்த பைத்தான் 3.4 முதல், “வெறுமையாக இருந்தால் இதைச் சொல்” என்று நாமே ஒரு மாற்று விடையைக் கொடுத்து வைக்கவும் வழி உண்டு.

இருவர் சமமாக நின்றால்

சிங்கப்பூரில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37.0 பாகை செல்சியஸ். இது முதலில் 1983 ஏப்ரல் 17ஆம் நாள் தெங்காவில் பதிவானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் மீண்டும் அதே 37.0 பதிவாயிற்று. இப்போது, “மிக வெப்பமான நாள் எது, எந்த இடத்தில்?” என்று நம் நிரலைக் கேட்போம்.

பதிவுகள் கால வரிசையில் இருந்து, நாம் ‘>’ குறியைப் பயன்படுத்தியிருந்தால், விடை தெங்கா. 2023இல் வந்த 37.0 முன்னதைவிடப் பெரியது அல்ல. ஆகவே துண்டு நகராது. ‘பெரியது அல்லது சமம்’ என்ற குறியை இட்டிருந்தால் விடை அங் மோ கியோ. சமமாக வந்தாலும் துண்டு இடம் மாறிவிடும். இரண்டு நிரல்களுமே “எவ்வளவு?” என்ற கேள்விக்குச் சரியாக விடை சொல்கின்றன. “எங்கே?” என்ற கேள்விக்கு இரண்டும் பாதி விடைதான் சொல்கின்றன. ஒரு கோட்டை விட்டதும் சேர்த்ததும் ஓர் ஊரையே பதிவேட்டிலிருந்து மறைத்துவிட்டது பாருங்கள்.

பைத்தானின் மேக்ஸ், மின் இரண்டும் சமமானவற்றுள் முதலில் வந்ததையே தரும். வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாணவிகள் 91 எடுத்திருக்கிறார்கள். ஆயத்தக் கட்டளையைப் பயன்படுத்திய நிரல் ஒருவர் பெயரை மட்டுமே அச்சிடும். மற்றவர் செய்த குற்றம், பெயர்ப்பட்டியலில் சற்றுப் பின்னால் இருந்தது மட்டுமே. இதைத் தவிர்ப்பது கடினமும் அல்ல. புதிய எண் பெரியதாக இருந்தால் பெயர்ப்பட்டியலைத் துடைத்துவிட்டுப் புதிய பெயரை எழுது. சமமாக இருந்தால் பட்டியலில் இந்தப் பெயரையும் சேர். நிரலில் கூடுதலாக இரண்டே வரிகள்தாம்.

பெயரும் எண்ணும் சேர்ந்திருந்தால்

இதுவரை எண்களின் வரிசையைப் பார்த்தோம். நடைமுறையில் எண் தனியாக வருவதில்லை. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும். பைத்தானில் இத்தகைய இணைகளை வைக்கும் கட்டமைப்புக்கு ‘அகராதி’ என்று பெயர். பின்வருமாறு ஓர் அகராதியை அமைப்போம்: சுப்பிங் 40.1, கேமரன் மலை 7.8, தெங்கா 37.0, அங் மோ கியோ 37.0. இவற்றுள் முதலாவது, பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பதிவான மலேசியாவின் உச்ச வெப்பநிலை.

இந்த அகராதியை அப்படியே மேக்ஸ் கட்டளைக்குக் கொடுத்தால் என்ன விடை வரும்? சுப்பிங் என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது தெங்கா! காரணம், பைத்தான் அகராதியின் பெயர்களைத்தான் ஒப்பிட்டது. வெப்பநிலைகளைத் தொடவே இல்லை. அ, க, ச, த என்ற வரிசையில் ‘த’ கடைசியில் வருவதால் தெங்கா ‘மிகப் பெரியது’ ஆகிவிட்டது. “பெயரைத் தா, ஆனால் எண்ணை வைத்து ஒப்பிடு” என்று நாம் தெளிவாகச் சொன்னால்தான் சுப்பிங் வரும்.

தமிழ்ப் பெயர்களையே வரிசைப்படுத்த விரும்புவோருக்கு இங்கே ஒரு குறிப்பு. கணினி எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்ணை வைத்தே ஒப்பிடுகிறது. அந்த எண் வரிசை நம் நெடுங்கணக்கோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. நாம் பள்ளியில் படித்த வரிசையில் ‘ன’ கடைசி மெய். யூனிகோடிலோ அது ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. ஆகவே, அச்சிட்ட அகராதியில் ‘மலர்’ முன்னும் ‘மனம்’ பின்னும் இருக்க, கணினி ‘மனம்’ என்பதையே சிறியது என்று சொல்லும். தமிழுக்குரிய வரிசை விதியைத் தனியே கொடுத்தாலொழிய இது மாறாது.

எழுத்தாக வந்த எண்ணாலும் இதே தொல்லை உண்டு. கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ படிக்கப்படும் ‘40.1’ என்பது தொடக்கத்தில் எண் அன்று. நான்கு குறிகள் கொண்ட ஒரு சொல். சொற்களை ஒப்பிடும்போது கணினி முதல் குறியைத்தான் முதலில் பார்க்கும். ‘7.8’ என்ற சொல்லின் முதல் குறி 7, ‘40.1’ என்ற சொல்லின் முதல் குறி 4. ஏழு, நான்கைவிடப் பெரியது. ஆகவே மலேசியாவிலேயே குளிரான பதிவு, மிக வெப்பமான பதிவாக மாறிவிடும்! எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுவது ஒரு சொல்லில் முடியும் வேலை, மறப்பவர்தாம் அதிகம். ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் கட்டளையோ எண்களையே கொடுத்தாலும், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அவற்றைச் சொற்களாகக் கருதி 10ஐ 9க்கு முன்னால் வைத்துவிடும்.

இல்லாத எண்

இக்கட்டுரையில் மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். பதிவாகாத எண்ணை என்ன செய்வது?

குறைந்த வருமானமுள்ள குடும்பத்து மாணவர்களுக்கு ஒரு குழு உதவிநிதி வழங்குவதாக எடுத்துக்கொள்வோம். நூறு விண்ணப்பங்கள். குடும்ப மாத வருமானத்தில் மிகக் குறைந்தவரை நிரல் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பதாரர் ஒருவர் வருமானக் கட்டத்தை நிரப்பவில்லை. தட்டச்சு செய்தவர் அங்கே 0 என்று இட்டுவிட்டார். நிரல் அவரையே முதலில் நிறுத்தும். அவர் உண்மையிலேயே ஏழையாக இருக்கலாம், வசதியானவராகவும் இருக்கலாம். இன்னொரு விண்ணப்பத்தில் தந்தை வேலையிழந்து வருமானம் மெய்யாகவே 0. இவ்விரண்டு சுழியங்களும் கணினிக்கு ஒன்றே. ஒன்று ‘இல்லை’ என்ற செய்தி. மற்றது ‘தெரியவில்லை’ என்ற செய்தி. இரண்டையும் ஒரே குறியால் எழுதியபின் எந்த நிரலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

‘தெரியவில்லை’ என்பதைக் காட்ட −999 என்று இடும் வழக்கம் அறிவியல் பதிவுகளில் உண்டு. மனிதக் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியும். ஆனால் மின் கட்டளைக்கு −999 என்பது மிகச் சிறிய எண், அவ்வளவுதான். அத்தகைய பதிவுகளைத் தேடும் முன் விலக்கிவைக்க வேண்டும். எத்தனை விலக்கினோம் என்பதையும் விடையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புள்ளியுள்ள எண்களுக்கு 1985இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தரத்தில் ‘எண் அல்ல’ என்றொரு தனி மதிப்பு வைக்கப்பட்டது. அதனை எதனோடு ஒப்பிட்டு ‘பெரியதா? சிறியதா?’ என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றே விடை வரும். இதன் விளைவு விசித்திரமானது. பைத்தானில் ‘எண் அல்ல’ முதலிலும் 31 அடுத்தும் இருந்தால் மேக்ஸ் தரும் விடை ‘எண் அல்ல’. 31 முதலில் இருந்தால் விடை 31. அதே இரண்டு பொருள்கள். வரிசை மாறியதும் விடை மாறிவிடுகிறது. துண்டை எதனாலும் தள்ள முடியாது, அதுவும் எதையும் தள்ளாது என்று எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஐயத்திற்குரிய எண்களையெல்லாம் விலக்கிவிட்டால் போதும் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் படலத்தின் கதை இதற்குச் சான்று. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 செயற்கைக்கோள் ஓசோனை அளந்து வந்தது. 180 டாப்சன் அலகுக்குக் கீழ் வரும் அளவுகள் ஐயத்திற்குரியவை என்று அதன் கணினி நிரல் குறியிட்டு ஒதுக்கியது. அவ்வளவு குறைந்த அளவை அதுவரை யாரும் கண்டதில்லை. இதற்கிடையே, நிலத்தில் கருவி வைத்து அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டானிய அறிவியலாளர்கள் ஓசோன் பெரிதும் குறைந்துவிட்டதை 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஒதுக்கப்பட்ட செயற்கைக்கோள் பதிவுகளில் அந்தத் தாழ்ந்த அளவுகள் இருந்தன. கணினி அவற்றை அழித்துவிட்டது என்று பலர் எழுதியுள்ளனர், அது சரியன்று. குறியிடப்பட்டு வைக்கப்பட்டிருந்ததால்தான் பின்னர் எடுத்துப் பார்க்க முடிந்தது. அழித்திருந்தால் மிகச் சிறிய மதிப்பே பதிவிலிருந்து போயிருக்கும்.

இரண்டையும் ஒருசேர, பிறகு இரண்டாவது

இனி, சிக்கனத்தைப் பற்றிச் சிறிது காண்போம். எட்டு மதிப்பெண்களில் பெரியதையும் சிறியதையும் தனித்தனியே தேடினால் 7 + 7 = 14 ஒப்பீடுகள். எண்களை இணை இணையாகப் பிரித்தால் இது குறையும். (62, 48), (91, 84), (77, 35), (29, 56) என்று நான்கு இணைகள், நான்கு ஒப்பீடுகள். வென்றவை 62, 91, 77, 56. தோற்றவை 48, 84, 35, 29. மிகப் பெரியது வென்றவற்றுள்தான் இருக்க முடியும். அதற்கு மூன்று ஒப்பீடுகள். மிகச் சிறியது தோற்றவற்றுள்தான் இருக்க முடியும்; அதற்கும் மூன்று. மொத்தம் 10. எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், அதன் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டைக் கழித்தால் வருவது இத்தொகை. இதற்கும் கீழே போக முடியாது என்பதை 1972இல் ஐரா போல் என்பவர் நிறுவினார்.

பெரியதற்கு அடுத்த பெரியது எது? இங்கேதான் பூப்பந்து ஆட்டக்காரர்கள் காது கொடுக்க வேண்டும். மேலே வென்ற நால்வரையும் வெளியேற்று முறையில் ஆடவிட்டால், 62ஐ 91 வெல்லும். 56ஐ 77 வெல்லும். இறுதிச் சுற்றில் 77ஐ 91 வெல்லும். வெள்ளிக் கோப்பை 77க்கு. ஆனால் உண்மையில் இரண்டாவது 84 அல்லவா? பாவம், அது முதல் சுற்றிலேயே 91இடம் தோற்று வீட்டுக்குப் போய்விட்டது.

இந்த அநீதியைச் சுட்டிக்காட்டி 1883இல் ஒரு சிறு நூல் எழுதியவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டாட்சன். ‘ஆலிஸ்’ கதைகளை லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதியவரும் அவரே. 32 பேர் ஆடும் புல்வெளி டென்னிஸ் போட்டியில், உண்மையான இரண்டாமவர் இரண்டாம் பரிசைப் பெற 31இல் 16 வாய்ப்புதான் உண்டு. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தீர்வு என்ன? இரண்டாவது பெரிய எண், முதலாவதைத் தவிர வேறு எதனிடமும் தோற்றிருக்காது. ஆகவே 91இடம் நேரடியாகத் தோற்றவர்களை மட்டும் கூப்பிடுங்கள்: 84, 62, 77. இரண்டே ஒப்பீடுகளில் 84 வென்றுவிடும். முதல்வரைக் காண ஏழு, இரண்டாமவரைக் காண இரண்டு, ஆக ஒன்பது. இம்முறையை 1932இல் ஷ்ரையர் விளக்கினார். இதைவிடக் குறைக்க முடியாது என்பதை 1964இல் கிஸ்லிட்சின் நிறுவினார்.

எந்தக் கட்டமைப்பில் வைப்பது?

ஒரே ஒரு முறைதான் தேடப்போகிறோம் என்றால் சாதாரண வரிசையே போதும். அதற்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஆயிரம் எண்களை வரிசைப்படுத்தச் சுமார் பத்தாயிரம் ஒப்பீடுகள் ஆகும், தேடுவதற்கோ 999தான். ஏற்கெனவே வரிசைப்பட்டு இருக்குமானால் இரு முனைகளையும் பார்த்தால் போயிற்று.

மருத்துவமனையின் அவசரப் பிரிவை நினைத்துப் பாருங்கள். காத்திருப்போருள் மிக அவசரமானவரை அழைக்க வேண்டும். அவர் போனதும் அடுத்த அவசரமானவர். இதற்கிடையே புதியவர்கள் வந்துகொண்டே இருப்பர். ஆயிரம் பெயர்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி அழைத்தால், எல்லாரையும் அழைத்து முடிக்க ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பீடுகள் ஆகிவிடும். இதற்கு ஏற்றது ‘குவியல்’ என்னும் கட்டமைப்பு. 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்டது. ஒவ்வொருவருக்குக் கீழும் அவரைவிட அவசரம் குறைந்த இருவர் என்று அடுக்கப்பட்ட மரம் அது. உச்சியில் இருப்பவரே அடுத்தவர், தேடவே வேண்டாம். அவரை எடுத்தபின் மரத்தைச் சீர்செய்ய, ஆயிரம் பெயர்கள் உள்ள குவியலில் பத்து நிலைகளுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அந்தக் குவியலிடம் போய், “மிகக் குறைந்த அவசரம் உள்ளவர் யார்?” என்று கேட்காதீர்கள். அவர் அடிமட்டத்து இலைகளுள் எங்கோ இருப்பார்; ஆயிரத்தில் இலைகள் மட்டும் ஐந்நூறு.

இரு முனைகளும் அடிக்கடி வேண்டுமென்றால் இருகிளைத் தேடல் மரம் பொருந்தும். இடப்பக்கமாகவே இறங்கினால் சிறியது. வலப்பக்கமாகவே இறங்கினால் பெரியது. எண்கள் ஏறு வரிசையில் வந்து சேர்ந்தால் அம்மரம் கிளையில்லாத கம்பாகிவிடும். அப்படி ஆகாமல் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் மரத்தை 1962இல் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இருவர் வகுத்தனர்.

வீட்டுப் பயிற்சி

1. பதினாறு பேர் ஆடும் வெளியேற்றுப் போட்டியில் முதல்வரையும் உண்மையான இரண்டாமவரையும் உறுதியாகக் காண எத்தனை ஆட்டங்கள் போதும்?

2. பத்து எண்களில் பெரியதையும் சிறியதையும் இணை முறையில் காண எத்தனை ஒப்பீடுகள்?

3. −7, −3, −12, −3 என்ற எண்களுள் மிகப் பெரியது எந்தெந்த இடங்களில் உள்ளது? உங்கள் நிரல் இரண்டு இடங்களையும் சொல்கிறதா?

விடைகள்: முதலாவதற்கு 18, முதல்வரிடம் தோற்ற நால்வருக்குள் மேலும் மூன்று ஆட்டங்கள். இரண்டாவதற்கு 13. மூன்றாவதற்கு, மிகப் பெரிய எண் −3. இடங்கள் இரண்டும் நான்கும். பைத்தான் ஜாவா மொழிகளில் இடங்கள் சுழியத்திலிருந்து எண்ணப்படுவதால் திரையில் 1, 3 என்று தெரிந்தால் அதுவும் சரியே.